பக்கத்து ஊர் நிலையத்தில் உங்கள் ஊர் லாரி: ஒப்பந்தம் போடும் முன்

பேரூராட்சிகளில் செயல் அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். நான் பணியாற்றிய ஓர் ஊரில் மலக்கசடு சுத்திகரிப்பு நிலையம், அதாவது செப்டிக் டேங்கிலிருந்து உறிஞ்சி எடுப்பதைச் சுத்தம் செய்யும் இடம், ஒன்று இருந்தது. பக்கத்து ஊராட்சியின் செப்டிக் டேங்க் லாரிகளும் அங்கே வந்து கொட்டிக்கொள்ளலாம், லோடு ஒன்றுக்கு 200 ரூபாய் என்று ஒப்பந்தம் போட்டோம். முதல் இரண்டு மாதம் 4,000 லிட்டர் லாரி வந்தது. மூன்றாம் மாதம் 9,000 லிட்டர் தொட்டியோடு ஒரு வண்டி வந்து நின்றது. அதற்கும் 200 ரூபாய்தான். வாயிற்காவலர் பதிவேட்டில் ‘லோடு 1’ என்று ஒழுங்காக எழுதி ஓட்டுநரிடம் கையெழுத்தும் வாங்கியிருந்தார். அவர் மேல் என்ன தவறு? லிட்டர் என்ற சொல்லே ஒப்பந்தத்தில் இல்லை. வரைவு எழுதியது நான்தான்.

இப்போது ஊராட்சித் தலைவர்களோ செயலர்களோ யோசனை கேட்டு வந்தால், விலையைப் பற்றிப் பேசவே நான் விடுவதில்லை. எதை எண்ணப் போகிறீர்கள், எந்த இடத்தில் எண்ணப் போகிறீர்கள், யார் எண்ணுவார் என்பதெல்லாம் தாளில் ஏறட்டும். பேரம் அதற்குப் பிறகு. ஒவ்வொரு லாரியின் தொட்டியையும் ஒருமுறை தண்ணீர் நிரப்பி அளந்து, கொள்ளளவைப் பக்கவாட்டில் பெயின்ட்டில் எழுதச் செய்யுங்கள். ஓட்டுநர் வாயால் சொல்லும் கொள்ளளவும் தொட்டி பிடிக்கும் அளவும் ஒன்றாக இருந்து நான் பார்த்தது குறைவு.

அதற்கும் முன்னால், பக்கத்து ஊரோடு நிலையத்தைப் பகிர்ந்துகொள்வது தேவையா என்று ஒரு கணக்குப் போட வேண்டும். உங்கள் ஊரில் 1,800 செப்டிக் டேங்க் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை சுத்தம் செய்ய வேண்டும் என்பது நெறிமுறை. மூன்று ஆண்டு என்றால் ஆண்டுக்கு 600 லோடு. ஆனால் கழிப்பறைத் தண்ணீர் திரும்பி வழியும்வரை நம் ஊரில் யாரும் லாரியைக் கூப்பிடுவதில்லை. எட்டு ஆண்டுக்கு ஒருமுறை என்றால் வெறும் 225 லோடு. சொந்தமாக ஒரு நிலையம் கட்டி, அதை நடத்த ஆண்டுக்கு 9 லட்சம் ஆகிறது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், லோடு ஒன்றுக்கு 4,000 ரூபாய் விழும். நான்கைந்து ஊர் சேர்ந்து 1,500 லோடு வந்தால் அதே லோடு 600 ரூபாய். உங்கள் ஊரின் உண்மையான எண்ணிக்கையை எந்தக் கோப்பிலும் தேட வேண்டாம். லாரி ஓட்டுநர்கள் உட்காரும் டீக்கடைக்குப் போங்கள். போன மாதம் எத்தனை அழைப்பு வந்தது என்று கைப்பேசியைத் திறந்தே காட்டுவார்கள்.

நேரில் பார்க்க வேண்டுமென்றால் மதுராந்தகம் பக்கம் கருங்குழிக்குப் போய் வாருங்கள். தமிழ்நாட்டின் முதல் மலக்கசடு நிலையம் அந்தப் பேரூராட்சியில்தான் வந்தது. மதுராந்தகம் நகராட்சிக்கும் அதுதான் பயன்படுகிறது. கோவைப் பக்கம் என்றால் பெரியநாயக்கன்பாளையமும் நரசிம்மநாயக்கன்பாளையமும் ஒரே நிலையத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. போனால் பொறியாளரோடு நின்றுவிடாமல் வாயிலில் பதிவேடு எழுதுபவரிடமும் பத்து நிமிடம் பேசுங்கள்.

ஒப்பந்தத்தில் எல்லோரும் விட்டுவிடும் பகுதி, நிலையம் மூடிக்கிடக்கும் நாள். எங்கள் நிலையத்தில் கசடு காய்வதற்கு மணற்படுகைகள் உண்டு. ஓர் ஐப்பசியில் விடாமல் மழை, படுகைகள் நிரம்பிவிட்டன, காயவில்லை. வாயிலைப் பூட்டச் சொன்னேன். இரண்டு லாரிகள் திரும்பிப் போயின. மறுநாள் காலை அந்த ஊராட்சித் தலைவர் தொலைபேசியில் அழைத்தார். “ஐயா, எங்க ஏரி வரத்துக்கால்ல வந்து நின்னு பாருங்க” என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. போய் நின்றேன், மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் நிற்க முடிந்தது. ஓட்டுநர் வேறு என்ன செய்வார், 4,000 லிட்டரை வீட்டுக்கா கொண்டு போவார்? ஆகவே எழுதுங்கள்: மூடுவதானால் எத்தனை மணி நேரம் முன்பு சொல்ல வேண்டும், யார் யாரிடம் சொல்ல வேண்டும், அந்த நாட்களில் லாரி எங்கே போகும், இடம் குறைவாக இருந்தால் எந்த ஊருக்கு எத்தனை லோடு. கடைசியாகச் சொன்னதில்தான் சண்டை வரும். நிலையம் வைத்திருக்கும் ஊர் தன் லாரிகளைத்தான் முதலில் விடும். நானும் அப்படித்தான் செய்தேன்.

தீர்மானம் இரண்டு மன்றத்திலும் ஒரே வாசகத்தில் நிறைவேற வேண்டும். எங்கள் தீர்மானத்தில் ‘ஆறு மாதம், சோதனை அடிப்படையில்’ என்று இருந்தது. அவர்களுடையதில் கால வரம்பே இல்லை. உள்ளாட்சி நிதித் தணிக்கையில் அது ஒரு தடைப் பத்தியாக, அதாவது விளக்கம் கேட்கும் ஆட்சேபணையாக வந்து, நான் மாறுதலாகிப் போன ஊருக்கும் பின்னாலேயே வந்தது. கோப்பு நகரும் வழியையும் தெரிந்துகொள்ளுங்கள். கிராம ஊராட்சி ஊரக வளர்ச்சித் துறையின் கீழ் வருகிறது. பேரூராட்சிக்குப் பேரூராட்சிகள் இயக்குநர். நகராட்சிக்கு நகராட்சி நிர்வாக இயக்குநர். மூன்று ஏணிகளும் மாவட்டத்தில் சந்திக்கும் இடம் ஆட்சியர் அலுவலகம். கடிதத்தைத் தனித்தனியாக அனுப்பிவிட்டுக் காத்திருக்காமல், ஆட்சியரின் ஆய்வுக் கூட்டத்தில் ஒரு பொருளாக வைக்கச் சொல்லுங்கள்.

ஒப்பந்தம் தலைவரின் பெயரில் இருக்கக் கூடாது. பதவியின் பெயரில் இருக்க வேண்டும். 2025 ஜனவரியில் பெரும்பாலான மாவட்டங்களில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர்கள் வந்தார்கள். தலைவருக்கும் தலைவருக்கும் இருந்த நட்பில் ஓடிய ஏற்பாடுகள் இப்படிப்பட்ட நாளில் நின்றுவிடும்.

பணம் பெரிய தலைவலி அல்ல. 2021 முதல் 2026 வரைக்குமான 15-ஆவது நிதிக் குழு மானியத்தில் 60 சதவீதத்தைக் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும்தான் செலவிட வேண்டும் என்று இருந்தது. மலக்கசடு மேலாண்மை அந்தச் சுகாதாரக் கணக்கிலேயே வந்தது. அடுத்த மானியத்துக்கான நிபந்தனையைப் படித்துவிட்டு எழுதுங்கள்.

கிராம சபையில் வரும் கேள்வி வேறு. “இன்னைக்குக் கசடு, நாளைக்கு எங்க ஊரையே நகராட்சியோட சேர்த்துடுவீங்களா?” என்று ஓர் அம்மா எழுந்து கேட்பார். சிரித்து மழுப்பாதீர்கள். இணைத்தால் நூறு நாள் வேலை போகும், வரி ஏறும் என்ற பயம் நியாயமான பயம். ‘இந்த ஒப்பந்தம் கசடு கொட்டுவதற்கு மட்டும், எல்லை மாற்றத்துக்கான சம்மதமாகாது’ என்று தீர்மானத்திலேயே ஒரு வரி சேர்க்கலாம். அரசை அது கட்டுப்படுத்தாது என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் அந்த அம்மாவுக்குப் படித்துக் காட்ட ஒரு வரி இருக்கிறது.

ஆட்களைத் தொட்டிக்குள் இறக்கும் லாரியை வாயிலுக்குள் விடக் கூடாது என்ற நிபந்தனை கட்டாயம். பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் ஆளை இறக்குவதை, மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதற்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. உயிர் போனால் எந்த ஊரின் பொறுப்பு என்று அன்றைக்கு விவாதிக்க முடியாது.

கையெழுத்துக்கு முந்தின வாரம் ஒரு லாரியை ஓட்டிப் பாருங்கள். ஊரின் கடைக்கோடி வீட்டில் மாலை மூன்று மணிக்குக் குழாயைப் போடச் சொல்லி, நீங்களும் வண்டியிலேயே ஏறிக்கொள்ளுங்கள். அந்த மழைக்குப் பிறகு ஒப்பந்தத்தைத் திருத்தியபோது நாங்கள் அப்படி ஓட்டினோம். தொட்டி நிரம்பவே முக்கால் மணி நேரம். ரயில்வே கேட்டில் 25 நிமிடம் நின்றோம். சந்தை நாள் என்பதால் கடைவீதியில் ஊர்ந்தோம். நிலையத்துக்கு வந்தபோது ஐந்தே கால். ஐந்துக்குப் பூட்டிவிட்டு வாயிற்காவலர் சைக்கிளில் ஏறிக்கொண்டிருந்தார். சந்தை நாட்களில் ஆறரை வரை திறந்திருக்க வேண்டும் என்ற வரி அன்று இரவுதான் வரைவில் ஏறியது.