வேலைக்காக வெளிநாடு போனவர்களுக்கு: முதல் மூன்று மாதங்களை வரிசைப்படுத்துவது எப்படி?

வேலைக்காக நாடு மாறிய முதல் வாரம், கையில் வேலை ஒப்பந்தம் இருந்தும் எனக்கு ஒரு வங்கிக் கணக்கு கிடைக்கவில்லை. கணக்கு திறக்க முகவரிச் சான்று கேட்டார்கள். வீடு வாடகைக்கு எடுக்கப் போனால் உள்ளூர் வங்கிக் கணக்கு கேட்டார்கள். இரண்டுக்கும் நடுவே ஒன்பது நாள் அலைந்தேன். எதை முதலில் செய்வது, எதைத் தள்ளிப்போடலாம் என்று தெரிந்திருந்தால் பாதி அலைச்சல் குறைந்திருக்கும். புதிதாகப் போகிறவர்களுக்காக அந்த வரிசையை இங்கே எழுதுகிறேன்.

படி 1: முதலில் தூக்கம்

உடம்புக்குள் ஓடும் கடிகாரம் ஒரு நாளைக்குச் சுமார் ஒரு மணி நேரம்தான் நகர்ந்து கொடுக்கும். ஐந்து மணி நேர வித்தியாசம் என்றால் ஐந்தாறு நாள் ஆகும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். மேற்கே போனவர்களுக்குச் சற்றுச் சுலபம். அந்த உள்கடிகாரம் பெரும்பாலானவர்களுக்கு 24 மணி நேரத்தைவிடக் கொஞ்சம் நீளமாக ஓடுவதால், தூக்கத்தைத் தள்ளிப்போட உடம்பு எளிதில் இணங்கும். கிழக்கே போனவர்கள் கூடுதலாக இரண்டு மூன்று நாள் பொறுக்க வேண்டும்.

பகலில் வெளியே போய் வெளிச்சத்தில் நடங்கள். மதியம் கண் சொருகினால் அலாரம் வைத்து 20 நிமிடம் மட்டும் படுங்கள். தூக்கம் சரியாகும்வரை வீட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். அரைத் தூக்கத்தில் படித்த நிபந்தனைகளோடு ஒரு வருடம் குடியிருக்க வேண்டி வரும்.

படி 2: பழைய சிம், புதிய காகிதங்கள்

ஊரில் உள்ள வங்கிக் கணக்குக்கான ஓடிபி பழைய நம்பருக்குத்தான் வரும். ரோமிங்கில் குறுஞ்செய்தியாவது வரும்படி, முடிந்தால் கிளம்புவதற்கு முன்பே, ஏற்பாடு செய்யுங்கள். ரீசார்ஜ் செய்ய வேண்டிய தேதியைப் போனில் குறித்துவையுங்கள். நம்பர் போய்விட்டால் சொந்தப் பணத்தையே தொட முடியாமல் தவிக்க நேரிடும்.

வங்கிக் கணக்கா வீடா என்ற சிக்கல் எனக்கு ஒரு கடிதத்தில் அவிழ்ந்தது. நான் தங்கியிருந்த தற்காலிக முகவரி, பதவி, சம்பளம் மூன்றையும் குறிப்பிட்டு அலுவலக முத்திரையோடு மனிதவளத் துறையில் ஒரு கடிதம் வாங்கினேன். வங்கி அதை ஏற்றுக்கொண்டது. எல்லா வங்கியும் ஏற்கும் என்று சொல்ல முடியாது. ஆனாலும் சேர்ந்த முதல் நாளே அந்தக் கடிதத்தைக் கேட்டு வாங்கிவிடுங்கள்.

பட்டம், பிறப்பு, திருமணச் சான்றிதழ்களுக்கு 'அப்போஸ்டில்' முத்திரை தேவைப்படலாம். 1961ஆம் ஆண்டு ஹேக் ஒப்பந்தத்தில் சேர்ந்த நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்கும் சான்று அது. சான்றிதழ் கொடுத்த நாட்டில்தான் அந்த முத்திரையை வாங்க முடியும் என்பதால் கிளம்பும் முன்பே முடித்துவிடுவது நல்லது. உங்கள் நாட்டுத் தூதரகத்தில் பெயரைப் பதிவு செய்யும் வசதி இருந்தால் அதையும் செய்துவிடுங்கள்.

படி 3: கண்ணும் கையும் பழக வேண்டியவை

சாலையில் வண்டிகள் எந்தப் பக்கம் போகின்றன என்பது மூளைக்குத் தெரிந்துவிடும், கழுத்துக்குத் தெரியாது. இரண்டாவது வாரத்தில்கூட நான் தவறான பக்கம் பார்த்துவிட்டுக் காலை எடுத்து வைத்தேன். பக்கத்தில் நின்ற பெண்மணி தோள்பையைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். பேருந்து முகத்துக்கு முன்னால் போனது. அன்றிலிருந்து இரண்டு பக்கமும் இரண்டு முறை பார்க்கிறேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள், வெறிச்சோடிய தெருவிலும்.

தேதியையும் கவனியுங்கள். 03/04 என்பது ஒரு நாட்டில் ஏப்ரல் 3, அமெரிக்காவில் மார்ச் 4. விண்ணப்பங்களில் இடம் இருந்தால் மாதத்தை எழுத்தில் எழுதுங்கள்.

வழக்கமாகச் சாப்பிடும் மருந்து இருந்தால் மூலப்பெயரையும் மருத்துவர் சீட்டையும் கையில் வையுங்கள். நாம் பாரசிட்டமால் என்று கேட்பதை அமெரிக்காவிலும் ஜப்பானிலும் அசிட்டமினோஃபென் என்பார்கள். ஒரு நாட்டில் சாதாரணமாகக் கிடைக்கும் மருந்துக்கு இன்னொரு நாட்டில் தடை இருக்கலாம் என்பதால் பெட்டியில் வைக்கும் முன் விசாரியுங்கள்.

மின்சாதனங்களில் '100-240' என்று அச்சிட்டிருந்தால் அடாப்டர் போதும். அந்த எண் இல்லாத ஹீட்டர், ஹேர் டிரையர் வகைகளை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். அடாப்டர் பிளக்கின் வடிவத்தைத்தான் மாற்றும், வோல்டேஜை மாற்றாது.

படி 4: எல்லா வேலையும் முடிந்த பிறகு வரும் நாட்கள்

இதைத்தான் நிதானமாகப் படிக்கச் சொல்வேன். கலெர்வோ ஓபெர்க் என்ற மானிடவியலாளர் 1960இல் எழுதிய கட்டுரையில் அந்நிய மண்ணில் வாழப் போகிறவர்களின் மனநிலையைக் கட்டம் கட்டமாக விவரித்தார். முதலில் எல்லாம் அழகாகத் தெரியும். பிறகு எல்லாமே எரிச்சலூட்டும். அதன் பிறகுதான் மெல்லத் தேறிப் பழகிப்போகும். என் இரண்டாவது கட்டம் ஏழாவது வாரத்தில் வந்தது. வீடு, வங்கி, அலுவலகம் எல்லாம் சரியாகிவிட்டன. அலைய ஒரு காரணமும் இல்லாத சனிக்கிழமை மதியம், சுவரைப் பார்த்தபடி கட்டிலில் உட்கார்ந்து அழுதேன். உங்களுக்கும் அப்படி வந்தால், தப்பான முடிவு எடுத்துவிட்டோம் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த வாரத்தில் ராஜினாமா கடிதமும் எழுத வேண்டாம்.

அதற்கு முன்பே, மூன்றாவது நான்காவது வாரத்திலேயே, ஒரே இடத்துக்கு ஒரே நேரத்தில் போகும் பழக்கத்தை உண்டாக்குங்கள். நூலகம், மொழி வகுப்பு, விளையாட்டு மைதானம், எதுவானாலும் சரி. ஐந்தாறு தடவை ஒரே முகத்தைப் பார்த்தால் தலையசைப்பு வரும், அப்புறம் பேச்சு வரும். மொழி தெரியாத நாடு என்றால் வணக்கம், நன்றி, மன்னிக்கவும், மெதுவாகச் சொல்லுங்கள் என்ற நான்கையும் முதல் வாரமே மனப்பாடம் செய்துவிடுங்கள். இரண்டு வாரமாகியும் மனம் தேறாமல் தூக்கமும் பசியும் கெட்டுப்போனால் மருத்துவரைப் பாருங்கள்.

வீட்டுக்குப் பேச நேரம் குறித்துவிடுங்கள். நினைத்தபோதெல்லாம் கூப்பிட்டால் இரண்டு பக்கமும் தூக்கம் கெடும். கெட்டதை மறைத்து நல்லதை மட்டும் சொல்லாதீர்கள், குரலிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். வருடத்துக்கு இரண்டு தடவை கடிகாரத்தை ஒரு மணி நேரம் மாற்றும் நாட்டில் இருந்தால், மாறும் நாளுக்கு முன்பே வீட்டில் சொல்லிவிடுங்கள். நான் ஒரு தடவை சொல்ல மறந்துவிட்டேன். கடிகாரத்தைப் பின்னால் தள்ளிய அந்த ஞாயிற்றுக்கிழமை, அம்மா ஒரு மணி நேரமாகப் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.