ஆய்வு உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும் முன்

பால்புதுமையினர் (தன்பாலீர்ப்பு உடையோர், திருநங்கை, திருநம்பி உள்ளிட்ட திருநர் போன்றோர்) உரிமைக்காக உழைக்கும் அமைப்புகள் சில, மாணவர்களுக்கு ஆய்வு உதவித்தொகை தருகின்றன. பாளையங்கோட்டையில் முதுகலை படித்தபோது நானும் விண்ணப்பித்தேன். முதல் முறை கிடைக்கவில்லை. ‘தமிழ்நாட்டில் திருநர் நிலை’ என்று எழுதியிருந்தேன். அதில் கேள்வியே இல்லை.

கேள்வியைச் சின்னதாக்குங்கள். நம் பக்கத்திலேயே விஷயம் இருக்கிறது. தூத்துக்குடியில் ஒரு திருநங்கையின் திருமணத்தைப் பதிவு செய்ய மறுத்தார்கள். இந்துத் திருமணச் சட்டத்தில் வரும் ‘மணமகள்’ திருநங்கையையும் குறிக்கும் என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2019 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. அதற்குப் பிறகு பதிவு அலுவலகங்களில் என்னென்ன சான்று கேட்கிறார்கள்? இரண்டாம் முறை இதைத்தான் கேட்டேன், கிடைத்தது. தீர்ப்பை முழுதாகப் படியுங்கள், செய்திச் சுருக்கம் போதாது.

அப்புறம், பேட்டி தருபவர்களின் பாதுகாப்பு. இதற்கு ஒரு பக்கமாவது ஒதுக்குங்கள். ‘ரதவீதியில் பூ விற்கும் திருநங்கை’ என்று எழுதினால், பெயரை மாற்றியும் பயனில்லை. டவுனில் எல்லாருக்கும் ஆள் தெரிந்துவிடும். தெரு, தொழில், வயது மூன்றையும் மாற்றுங்கள். எங்கே பேசலாம் என்பதை அவர்களே சொல்லட்டும். ஒலிப்பதிவை எப்போது அழிப்பீர்கள் என்பதையும் எழுதுங்கள்.

பரிந்துரைக் கடிதம் தரும் பேராசிரியரிடம் தலைப்பை முன்பே சொல்லிவிடுங்கள். நீங்களும் பால்புதுமையினரா என்பதைச் சொல்வதும் சொல்லாததும் உங்கள் விருப்பம்.

செலவுக் கணக்கில் பஸ் கட்டணம், நகல் செலவோடு, பேட்டிக்காக ஒரு நாள் வேலையை விடுபவருக்கு அந்த நாள் கூலியையும் சேருங்கள்.