ஐந்து பேர் கொண்ட குழுவில் லத்தீன் ஜாஸ் வாசிக்க

ஜாஸ் வாசித்துப் பழகிய சிறு குழுக்கள் லத்தீன் ஜாஸை முயலும்போது பெரும்பாலும் ஒரு கோங்காவை (கைகளால் தட்டும் உயரமான கூபா முரசு) சேர்த்துக்கொண்டு மற்றவற்றைப் பழையபடியே வாசிக்கின்றன. அப்போது வருவது கோங்கா சேர்ந்த ஜாஸ்தான். கூபாவின் தாளமரபில் ஒவ்வொரு வாத்தியத்துக்கும் உரிய இடம் வகுக்கப்பட்டிருக்கிறது. அந்த இடங்களை வகுப்பது கிளாவே என்னும் இரண்டு பார் (நான்கு பீட் கொண்ட தாள அளவு) நீளமுள்ள தாளக்கட்டு. ஆகவே பயிற்சியை அதிலிருந்துதான் தொடங்க வேண்டும். (பிரேசிலின் சம்பா, போஸா நோவா ஆகியவற்றின் வழி வேறு, இங்கே சொல்வது கூபா வழியை மட்டுமே.)

பாருக்கு எட்டு என்ற கணக்கில் இரண்டு பார்களையும் பதினாறு சம இடங்களாக எண்ணுங்கள். சோன் கிளாவேயில் 1, 4, 7, 11, 13 ஆகிய இடங்களில் தட்டு விழும். முதல் பாரில் மூன்றும் அடுத்ததில் இரண்டும் வருவதால் இதனை 3-2 என்கிறார்கள். பார்களை முன்பின்னாக மாற்றினால் 2-3. ரும்பா கிளாவேயில் 7-ஆம் இடத்துத் தட்டு 8-க்குத் தள்ளிப்போகும், மற்றவை அப்படியே இருக்கும். காலால் நான்கு பீட்டையும் வைத்துக்கொண்டு கையால் கிளாவேயைத் தட்டியபடியே பாட்டின் மெட்டைப் பாட, தாள வாத்தியக்காரர்கள் மட்டுமல்லாமல் குழுவில் உள்ள அனைவராலும் முடிய வேண்டும். எட்டாம் பங்குச் சுரங்கள் (பாரை எட்டாகப் பிரிப்பவை) அனைத்தும் சம நீளத்தில் ஒலிக்க வேண்டும் என்பதையும் இப்போதே உறுதி செய்துகொள்ளுங்கள். சோலோ வாசிப்பவர் எப்போதாவது ஸ்விங்கின் (சுரங்கள் நெடிலும் குறிலுமாக ஊசலாடும் ஜாஸ் நடை) பக்கம் சாயலாம்; ரிதம் பகுதி (பியானோ, பேஸ், தாள வாத்தியங்கள்) சாய்ந்தால் கட்டு குலைந்துவிடும்.

அடுத்து, பாட்டின் திசையைக் கண்டறிய வேண்டும். மெட்டைப் பாடிக்கொண்டே முதலில் 3-2 ஆகவும் பிறகு 2-3 ஆகவும் தட்டிப் பாருங்கள். மெட்டின் அழுத்தங்கள் ஒன்றில் தட்டுகளோடு பொருந்தும், மற்றதில் முட்டிக்கொள்ளும். பீட்டின்மேல் நேராக விழும் சொற்றொடர்கள் பொதுவாக இரண்டு தட்டு உள்ள பாரையும், பீட்டுகளுக்கு இடையே தாவுபவை மூன்று தட்டு உள்ள பாரையும் நாடும். திசை முடிவானபின் பாட்டு முடியும்வரை கிளாவே ஓட்டத்தை நிறுத்தவோ திருப்பவோ கூடாது. மெட்டின் ஒரு பகுதி ஒற்றைப்படை எண்ணிக்கையில் பார்களைக் கொண்டிருந்தால் அடுத்த பகுதி தானாகவே எதிர்த் திசையில் தொடங்கும். திசை மாற்றத்துக்கு முறையான வழி அதுவே. நடுப்பகுதியை மட்டும் ஸ்விங்கில் வாசிக்கும் ஏற்பாடுகளும் உண்டு. அங்கிருந்து திரும்பும்போது எந்தப் பக்கத்தில் இறங்குகிறோம் என்பதை இசைக்குறிப்புத் தாளிலேயே குறித்துவைப்பது நல்லது, ஏனெனில் மேடையில் தடுமாற்றம் பெரும்பாலும் அங்கேதான் நேர்கிறது.

இனி வாத்தியங்கள். கோங்காவில், கையின் அடிப்பாகமும் விரல்நுனியும் மாறிமாறித் தோலைத் தொட்டுக்கொண்டே இருக்க, ஒவ்வொரு பாரிலும் 3-ஆம் இடத்தில் ஸ்லாப் என்னும் கூரிய அறை ஒலியும் 7, 8-ஆம் இடங்களில் திறந்த ஒலிகளும் விழும். பேஸ் வாசிப்பவருக்குத்தான் இந்த இசை மிகவும் கடினம் என்று நினைக்கிறேன். முதல் பீட்டைத் தாங்கியே பழகிய அவர் இங்கே அதனை விட்டுவிட்டு 4, 7 ஆகிய இரண்டு இடங்களில் மட்டும் வாசிக்க வேண்டும். அதிலும் 7-இல் வாசிப்பது அடுத்த பாரின் கார்டுக்கு (சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டு) உரிய சுரம், அது நீண்டு அடுத்த பாரின் முதல் பீட்டை மூடிக்கொள்ளும். பேஸின் இந்தச் சுரமும் கோங்காவின் முதல் திறந்த ஒலியும் ஒரே நொடியில் விழுவதைக் கவனியுங்கள். நிமிடத்துக்கு 100 பீட் என்ற வேகத்தில் இந்த இருவரை மட்டும் நெடுநேரம் வாசிக்கவிட்டு, அந்த ஒரு புள்ளி ஒட்டிக்கொண்டபிறகே மற்றவர்களைச் சேர்க்க வேண்டும்.

பியானோ இங்கே கார்டுகளை விருப்பப்படி தூவும் வாத்தியம் அன்று. இரு கைகளிலும் ஆக்டேவ்களாக அமையும் மொன்டூனோ என்னும் சுழலும் தொடரை அது வாசிக்கிறது. 2-3 திசையில் முதல் பாரின் முதல் பீட்டில் ஊன்றித் தொடங்கி, பின்னர் பெரும்பாலும் பீட்டுகளின் இடைவெளிகளிலேயே அது நகரும். டிம்பாலே (குச்சிகளால் தட்டும் இரட்டை முரசு) வாசிப்பவர் மெட்டின்போதும் பியானோ சோலோவின்போதும் வாத்தியத்தின் உலோகப் பக்கச்சுவரில் காஸ்கரா என்னும் தாளக்கட்டையும், இசை உரக்கும்போது மணியையும் தட்டுவார். டிம்பாலே இல்லாமல் டிரம்ஸ் மட்டும் இருந்தால் வலக்கை மூடிய ஹைஹாட்டில் காஸ்கராவையும் இடக்கை ஸ்நேரின் விளிம்பில் கிளாவேயையும் ஏற்கலாம். கிக்கை (காலால் அடிக்கும் பெரிய டிரம்) குறைவாகப் பயன்படுத்துங்கள், அது பேஸின் வெளியை அடைத்துவிடும்.

ஐந்தாமவராக சாக்ஸபோனோ டிரம்பெட்டோ வைபிரஃபோனோ (உலோகப் பட்டைகளைத் தட்டி வாசிக்கும் வாத்தியம்) இருக்கலாம். வைபிரஃபோன், பியானோ, பேஸ், கோங்கா, டிம்பாலே என்ற அமைப்பில் 1950-களில் வைபிரஃபோன் கலைஞர் கால் ஜேடர் வாசித்த பதிவுகள் சிறு குழுவுக்கு மிகச் சிறந்த பாடம். பெரிய குழுவின் கனம் இல்லாமலேயே அடுக்குகள் தனித்தனியாகக் கேட்கின்றன. 1947-இல் டிரம்பெட் கலைஞர் டிஸி கில்லெஸ்பியும் கூபாவின் கோங்கா கலைஞர் சானோ போஸோவும் பதிவுசெய்த 'மான்டேகா' பெரிய குழுவுக்கானது என்றாலும் வேறொரு காரணத்துக்காகக் கேட்க வேண்டியது: போஸோவின் சுழலும் தொடர்களும் கில்லெஸ்பி எழுதிய, கார்டுகள் நகரும் நடுப்பகுதியும் ஒரே பாட்டில் அடுத்தடுத்து நிற்கின்றன.

ஏற்பாட்டை மெட்டு, சோலோக்கள், இரண்டோ நான்கோ பார்கள் மட்டும் சுழலும் மொன்டூனோ பகுதி, அதன்மேல் தாள வாத்திய சோலோ, மீண்டும் மெட்டு என்று வைத்துக்கொள்ளலாம். கோங்கா சோலோவின்போது பியானோவும் பேஸும் தம் தொடரைச் சிறிதும் மாற்றாமல் வாசிக்க வேண்டும். தாளக்காரர் எவ்வளவு தொலைவு விலகினாலும் கேட்பவர் கிளாவேயை அந்தத் தொடரில்தான் பிடித்துக்கொண்டிருப்பார். பகுதிகளைப் பிரிக்கும் சியெர்ரே என்னும் கூட்டு நிறுத்தங்களை எல்லோரும் மனப்பாடமாக, தனியே, பாட்டின் வேகத்திலேயே பலமுறை வாசித்துப் பழகுங்கள். நிறுத்தத்துக்கு முந்தைய நான்கு பார்களையும் பிந்தைய நான்கு பார்களையும் சேர்த்தே எடுத்தால்தான், மௌனத்தைத் தாண்டிக் கிளாவேயின் சரியான பக்கத்தில் இறங்குகிறார்களா என்பது தெரியும்.