எருக்குழியில் பிறக்கும் நிறம்: பூ வண்டுகளை வளர்க்கும் முறை

தீப்பெட்டிக்குள் இலையோடு அடைபட்டுச் சில நாள்களில் செத்துப்போன பொன்வண்டு நம்மில் பலருக்கும் நினைவிருக்கும். அதன் புழு உயிருள்ள தாவரத்தின் வேரைத் தின்று வளர்வதால் அதை வீட்டில் பெருக்குவது எளிதன்று. ஆனால் நம் ஊர்ப் பூ வண்டுகளின் புழுக்கள் பெரும்பாலும் மக்கிய இலையையும் எருவையும் தின்பதால், அவற்றை முட்டையிலிருந்து வண்டு வரை கண்முன்னே வளர்க்கலாம். செந்நிற முதுகில் கருமையும் வெண்மையும் கலந்த ஆக்சிசெட்டோனியா வெர்சிகலர் என்னும் பூ வண்டு தொடக்கக்காரர்களுக்கு ஏற்றது.

மழைக்குப் பின், வெயில் ஏறுமுன், வெண்டை, ரோஜாப் பூக்களில் தேடினால் இவ்வண்டு கிடைக்கும். தோட்டக்காரரிடம் கேட்டுவிட்டு ஐந்தாறு வண்டுகளை மட்டும் எடுங்கள். சரணாலயத்திலும் தேசியப் பூங்காவிலும் அனுமதியின்றி எதையும் எடுக்கக் கூடாது. எருக்குழியில் புழுவாகவே எடுப்பதானால், அதைத் தாளின் மேல் விட்டுப் பாருங்கள். பூ வண்டின் புழு மல்லாந்து, கால்கள் வானைப் பார்க்க, முதுகால் ஊர்ந்து செல்லும். தென்னையைத் தாக்கும் காண்டாமிருக வண்டின் புழு அப்படி ஊர்வதில்லை.

வளர்ப்பில் முக்கால் பங்கு வேலை மக்கைச் சேர்ப்பதுதான். மருந்து தெளிக்காத தோப்பில் மழையில் நனைந்து கறுத்து, கையில் பிசைந்தால் பொடியாகும் இலைகளை, வேப்பிலையைத் தவிர்த்து, நன்கு மக்கிய மாட்டெருவோடு கலந்து வாளியில் ஒரு சாண் உயரத்துக்கு நிரப்புங்கள். சூடு ஆறாத புது எரு புழுவைக் கொன்றுவிடும். கலவையைப் பிடித்துப் பிழிந்தால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலிடுக்கில் நீர் சொட்டக் கூடாது. வாய்க்குக் காற்றோடும் வலை கட்டி, நிழலில் வைத்து, வண்டுகளுக்கு வாழைப்பழத் துண்டு கொடுத்து, புளிக்குமுன் மாற்றிவந்தால், பெண் வண்டுகள் கலவைக்குள் புகுந்து முட்டையிடும்.

புழுக்கள் இலையைத் தின்றுத் தின்று எச்சக் குருணைகளாக மாற்றிக்கொண்டே இருக்கும். குருணை மிகுந்தால் சலித்து நீக்கிவிட்டுப் புது மக்கு சேர்க்க வேண்டும், ஏனெனில் உணவும் இடமும் குறைந்தால் அவை ஒன்றையொன்று கடித்துவிடும். இருமுறை தோலுரித்துக் கொழுத்த புழு மஞ்சளித்து, மண்ணும் எச்சமும் சேர்த்து முட்டை வடிவக் கூடு கட்டும். அதன்பின் வாளியை அசைக்கவே கூடாது. ஆர்வம் தாங்காமல் ஒரு கூட்டை நான் உடைத்துப் பார்த்தேன். அதிலிருந்து வந்த வண்டின் இறகுறை, அதாவது முதுகை மூடும் கடினமான முன்சிறகு, சுருங்கியே நின்றது, அது ஒருநாளும் பறக்கவில்லை.

கூட்டுக்குள் உருமாறிய வண்டின் இறகுறை முதலில் வெளிறி, மென்மையாக இருக்கும். அது இறுகி நிறமேறியதும் வண்டு தானாகவே மேலேறி வரும். வளர்ந்தவற்றுள் மிகுதியானவற்றை, தாய் வண்டுகளைப் பிடித்த அதே இடத்தில் விட்டுவிடுங்கள். வேறு ஊருக்குக் கொண்டுபோக வேண்டாம்.