ஆல் வீல் டிரைவ் காரில் வெவ்வேறு பிராண்ட் டயர்களைப் போடலாமா? அளந்து பார்த்து முடிவெடுக்கும் முறை

ஒரு டயரின் பக்கச்சுவர் கிழிந்துவிட்டது, மற்ற மூன்றும் பாதி தேய்ந்திருக்கின்றன, கடையிலோ அதே டயர் இல்லை. நான்கு சக்கரங்களுக்கும் எஞ்சின் விசை போகும் ஆல் வீல் டிரைவ் காரான எங்கள் சுபாரு ஃபாரெஸ்டருக்கு இந்த நிலை வந்தபோது, விசாரித்த இடங்களில் ஆளுக்கொரு பதில் சொன்னார்கள். ஆகவே நானே அளந்து முடிவெடுத்தேன். அந்த முறையைத்தான் இங்கே எழுதுகிறேன். ஜாக்கி வைப்பதும் வீலைக் கழற்றுவதும் உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் கேள்வியை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் விசையைப் பகிர்ந்து தரும் கிளட்சுக்கோ நடு டிஃபரன்ஷியலுக்கோ (இரு அச்சுகளும் வெவ்வேறு வேகத்தில் சுழல இடம்தரும் பற்சக்கரத் தொகுதி) டயரின் பிராண்ட் ஒரு பொருட்டே இல்லை. சுற்றளவு ஒன்றாக இருக்கிறதா என்பதே அதற்கு முக்கியம். பிராண்ட் முக்கியமாவது சாலைப் பிடிப்பில்தான், குறிப்பாக ஈரச் சாலையில் பிரேக் பிடிக்கும்போது.

225/60 R17 அளவுள்ள டயரின் சுற்றளவு ஏறத்தாழ 2,205 மி.மீ. பட்டன், அதாவது சாலையைத் தொடும் பள்ளமிட்ட ரப்பர்ப் பரப்பு, 3 மி.மீ. தேய்ந்தால் சுற்றளவு சுமார் 19 மி.மீ. குறைந்துவிடும், அதாவது தேய்ந்த டயர் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஏறக்குறைய 4 சுற்று அதிகமாகச் சுழலும். தேய்ந்த இரண்டு டயர்கள் முன்னாலும் புதிய இரண்டு பின்னாலும் இருந்தால், வளைவே இல்லாத நேர்ச்சாலையிலும் இந்த வேறுபாட்டை நடுவிலுள்ள கிளட்ச் இடைவிடாமல் தாங்க வேண்டியிருக்கும். அதனால் அது சூடேறித் தேயும். நான்கு டயர்களின் சுற்றளவும் கால் அங்குலத்துக்குள், அதாவது சுமார் 6 மி.மீ.க்குள், ஒத்திருக்க வேண்டும் என்பது சுபாருவின் வரம்பு. பட்டன் ஆழத்தில் சொன்னால் அது கிட்டத்தட்ட 1 மி.மீ. வேறுபாடுதான். மற்ற நிறுவனங்களின் வரம்பு வேறாக இருப்பதால், உங்கள் காரின் கையேட்டைக் கட்டாயம் பாருங்கள்.

இனி அளக்கலாம். டயர்கள் குளிர்ந்திருக்கும்போது நான்கிலும் கையேடு சொல்லும் காற்றழுத்தத்தை வையுங்கள். பட்டன் ஆழத்தை அளக்க, நாணயத்தை நுழைத்துப் பார்க்கும் பழக்கத்தை விட்டுவிட்டு, விலை குறைந்த ஆழமானி ஒன்றை வாங்குங்கள். பேட்டரி தேவைப்படாத சாதாரண வகையே எனக்குப் பிடித்தது. பள்ளத்தின் அடியில் ஆங்காங்கே தேய்மானக் குறிமேடுகள் இருக்கும். ஆழமானியின் ஊசி அவற்றின்மேல் நின்றால் அளவு 1.6 மி.மீ. குறைவாகக் காட்டும் என்பதால், மேடில்லாத இடத்தில் வைத்து, உள்பக்கம், நடு, வெளிப்பக்கம் என மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பலரும் தடுமாறும் இடம் அடுத்ததுதான். ஒரே பிராண்டின் ஒரே மாடலாக இருந்தால் பட்டன் ஆழமே போதும். பிராண்ட் மாறினால் அது போதாது, ஏனெனில் பக்கச்சுவரில் ஒரே அளவு அச்சிடப்பட்டிருந்தாலும் இரு நிறுவனங்களின் டயர்கள் உண்மையில் ஒரே சுற்றளவில் இருப்பதில்லை. சுற்றளவையே நேரடியாக அளக்க வேண்டும். தையல்காரர் டேப் ஒன்றரை மீட்டர்தான், அது எட்டாது. நீளமான ஃபைபர் டேப்பை எடுத்து, வீலைத் தரையிலிருந்து தூக்கி, பட்டனின் நடுக்கோட்டில் டேப் விலகாமல் சுற்றி அளவெடுங்கள். காரைத் தரையில் உருட்டி அளக்கும் முறையும் உண்டு. ஆனால் வண்டியின் பாரத்தில் டயர் அமுங்குவதால் அந்த அளவு சற்றுக் குறைவாகவே வரும். ஆகவே ஒரு டயரை ஒரு முறையிலும் இன்னொன்றை மற்றொரு முறையிலும் அளந்து ஒப்பிடாதீர்கள்.

அளவுகள் கைக்கு வந்தபின் என் வரிசை இதுதான். நான்கும் ஒரே பிராண்ட், ஒரே மாடல் என்பதே சிறந்தது. மற்ற மூன்றின் பட்டன் ஆழமும் 4 மி.மீ.க்குக் கீழே போயிருந்தால் நான்கையும் மாற்றிவிடுங்கள், கியர்பாக்ஸ் வேலையோடு ஒப்பிட்டால் அந்தச் செலவு சிறியது. மூன்றும் நன்றாக இருந்தால், அதே மாடலில் புதிய டயரை வாங்கி, அதன் பட்டனை மற்றவற்றின் ஆழத்துக்குச் சீவித் தரச் சொல்லலாம்; அமெரிக்காவில் சில டயர் விற்பனையாளர்கள் இதைச் செய்து தருகிறார்கள். அதுவும் முடியாதபோது மட்டுமே வேறு பிராண்ட். அப்போதும் ஒற்றை டயராக வாங்காமல், ஒரே மாடலில் இரண்டு வாங்கி ஒரே அச்சில் போடுங்கள். டயர் தாங்கும் எடையையும் வேகத்தையும் காட்டும் சுமைக் குறியீடும் வேகக் குறியீடும் கையேட்டில் உள்ளதற்குக் குறையக் கூடாது. சுற்றளவு வரம்புக்குள் இருக்க வேண்டும். புது ஜோடி பின்னால் போக வேண்டும், ஏனெனில் மழையில் பின்சக்கரம் வழுக்கினால் வண்டியைக் கட்டுப்படுத்துவது மிகக் கடினம். ஒரே அச்சில் இடப்பக்கம் ஒரு பிராண்டும் வலப்பக்கம் இன்னொன்றுமாக ஓட்டுவதை நான் ஏற்கவே மாட்டேன்.

பின்சேர்க்கை: சிறிய தற்காலிக ஸ்டெப்னியைப் போட்டால் என்ன ஆகும் என்று சிலர் கேட்டிருந்தார்கள். அதன் சுற்றளவு வேறுபடக்கூடும் என்பதால், அதன்மேல் எழுதியுள்ள வேக வரம்பை மீறாமல், அருகிலுள்ள பஞ்சர் கடைவரை மட்டும் ஓட்டுங்கள். பழைய சுபாரு ஆட்டோமேட்டிக் மாடல்கள் சிலவற்றில், பானட்டுக்குள் ‘எஃப்.டபிள்யூ.டி’ (முன்சக்கர இயக்கம்) என்று குறித்த இடத்தில் ஃபியூஸ் ஒன்றைச் செருகினால் பின்சக்கர இயக்கம் துண்டிக்கப்படும். ஸ்டெப்னியோடு ஓட்டும்போது அந்த ஃபியூஸைச் செருகிவிட்டு, சரியான டயர் மாட்டியதும் மறக்காமல் எடுத்துவிட வேண்டும்.