முறுக்குப் பெட்டியும் கூரியர் கணக்கும்

டெல்லியில் படிக்கும் மகளுக்குத் தீபாவளிப் பலகாரம் அனுப்பக் கூரியர் கடைக்குப் போனேன். முறுக்கு, அதிரசம், பருப்புப்பொடி எல்லாம் சேர்ந்து 3 கிலோகூட இல்லை. கேட்டதோ 10 கிலோவுக்கான கட்டணம்! வயிறு எரிந்தது. தராசைக் காட்டி வாதாடினேன்.

"எடையை மட்டும் பார்ப்பதில்லை அம்மா, பெட்டி அளவும் உண்டு" என்று கடைப் பையன் டேப்பை எடுத்தான். நீளம் 40, அகலம் 40, உயரம் 30 சென்டிமீட்டர். பெருக்கி 5000-ஆல் வகுத்தால் 9.6 கிலோ. உண்மை எடை, இந்தக் கணக்கு, இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் பணம். இதைக் கடை வாசலிலேயே எழுதி ஒட்ட வேண்டாமா?

பெட்டியைத் திரும்ப வீட்டுக்குத் தூக்கி வந்தேன். மிக்சி வந்த அட்டைப்பெட்டி அது; பாதி இடத்தைக் கசக்கிய செய்தித்தாள்தான் அடைத்திருந்தது. முறுக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாக உருளை டப்பாக்களில் அடுக்கி, டப்பாக்களின் இடுக்குகளில் பொடிப் பொட்டலங்களைச் செருகினேன். 30, 25, 20 சென்டிமீட்டர் பெட்டியே போதுமாயிற்று. கணக்குப் போட்டால் சரியாக 3 கிலோ.

மறுநாள் அதே கடையில் 3 கிலோவுக்கு மட்டும் பணம் கட்டினேன். இடைவெளி இல்லாததால் முறுக்கும் குலுங்கவில்லை. ஒன்றுகூட உடையாமல் போய்ச் சேர்ந்தது.