ஃபைனலுக்குப் போகாதீர்கள்: சின்ன மகளிர் டென்னிஸ் போட்டிகளில் ரசிகர்கள் செய்யும் தவறுகள்

சமீபத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மகளிர் ஐடிஎஃப் (சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு) போட்டி ஒன்றின் வாசலில் இரண்டு இளைஞர்களைப் பார்த்தேன். தோளில் பை, கையில் டிபன் பொட்டலம், ஒருவர் கழுத்தில் பைனாகுலர். சேலத்திலிருந்து இரவு பஸ் பிடித்து வந்தார்களாம். "சார், மத்த கோர்ட்ல எல்லாம் மேட்ச் எப்ப ஆரம்பிக்கும்?" என்று கேட்டார்கள். அன்று இருந்ததே ஒரே ஓர் ஆட்டம். அதைச் சொன்னபோது அவர்கள் முகம் போன போக்கு எனக்கு நன்றாகத் தெரிந்த ஒன்று. ஏழெட்டு வருடம் முன்பு என் முகமும் அப்படித்தான் போயிற்று.

தொப்பி போடுங்கள், தண்ணீர் கொண்டுபோங்கள், சர்வ் போடும்போது பேசாதீர்கள் என்றெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. அது உங்களுக்கே தெரியும். நான் பணமும் நேரமும் கொடுத்துக் கற்றுக்கொண்டதை மட்டும் சொல்கிறேன்.

முதலில் ஒரு சின்ன விளக்கம். டபிள்யூ15, டபிள்யூ35, டபிள்யூ50, டபிள்யூ75, டபிள்யூ100 என்று இந்தப் போட்டிகளுக்குப் பெயர் இருக்கும். 2024 முதல் அந்த எண், ஒற்றையர் பட்டம் வெல்பவருக்குக் கிடைக்கும் தரவரிசைப் புள்ளிகளைக் குறிக்கிறது. டபிள்யூ35 வென்றால் 35 புள்ளி. விம்பிள்டன் வென்றால் 2,000. அதாவது ஏணியின் அடிப்படியில் நின்று பார்க்கிறோம். நம் நாட்டில் பெங்களூரு, புனே, மும்பை, சோலாப்பூர், இந்தோர் என்று பல ஊர்களில் இவை நடந்திருக்கின்றன. நான் போன பெரும்பாலானவற்றுக்கு டிக்கெட்டே கிடையாது. கேட்டைத் தாண்டி நடந்து போய் உட்கார வேண்டியதுதான்.

ஃபைனலுக்கு மட்டும் போவது

இதுதான் தலையாய தவறு. இன்றைக்கும் யாராவது போன் செய்து "ஃபைனல் என்னைக்கு?" என்று ஆரம்பித்தால் எனக்குச் சுருக்கென்று கோபம் வருகிறது.

நான் செய்த கூத்தைக் கேளுங்கள். மேற்கு இந்தியாவில் ஒரு நகரம். சென்னையிலிருந்து ஒரு ராத்திரியும் அடுத்த பகலில் பாதியும் ரயில். சனிக்கிழமை சாயங்காலம் போய் இறங்கி, லாட்ஜ் எடுத்து, ஞாயிறு காலை குளித்து முடித்துக் கல்யாணத்துக்குப் போகிற மாதிரி கிளம்பினேன். இறுதி ஆட்டத்தில் ஒரு பெண் தகுதிச் சுற்றிலிருந்து வந்தவர். வலது தொடையில் அகலமாகக் கட்டுப் போட்டிருந்தார். முதல் செட் 1-4 ஆனதும் நாற்காலியில் உட்கார்ந்தார், பிசியோவைக் கூப்பிட்டார், இரண்டு நிமிடம் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார், எழுந்து போய் எதிராளிக்குக் கை கொடுத்துவிட்டார். அவ்வளவுதான். ஆடியது மொத்தம் இருபத்தைந்து நிமிடம் இருக்கும். பரிசளிப்பு விழா அதைவிட நீளம். பொன்னாடை, பூங்கொத்து, சிறப்பு விருந்தினர் உரை, அந்த உரைக்கு நன்றி உரை. போக வர, தங்க, சாப்பிட என்று ஒன்பதாயிரம் ரூபாய் செலவு. ஒரு கேமுக்கு எவ்வளவு என்று ரயிலில் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தேன்.

அது துரதிர்ஷ்டம் என்றுதான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். போகப் போகத்தான் புரிந்தது, பாதி கணக்கு முதலிலேயே தப்பு. வாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வழக்கமாக ஞாயிறும் திங்களும் தகுதிச் சுற்று. செவ்வாயும் புதனும் முதல் சுற்று: 32 பேர், 16 ஆட்டங்கள். வியாழன் 8, வெள்ளி 4, சனி 2, ஞாயிறு 1. கூடவே 16 ஜோடிகள் ஆடும் இரட்டையர். அதன் இறுதி ஆட்டம் பெரும்பாலும் சனிக்கிழமையே முடிந்துவிடும். தகுதிச் சுற்றை விட்டுவிட்டால்கூட ஒற்றையர் 31, இரட்டையர் 15, ஆக 46 ஆட்டங்கள். ஞாயிறு மட்டும் போகிறவர் பார்ப்பது அதில் ஒன்று.

அந்த ஒன்றாவது நன்றாக இருக்குமா? அதற்கும் உத்தரவாதம் இல்லை. இறுதிக்கு வந்தவர் அதற்கு முன் நான்கு ஒற்றையர் ஆட்டங்களை ஆடியிருப்பார், பெரும்பாலும் நாளுக்கு ஒன்று வீதம். இரட்டையரிலும் நிலைத்திருந்தால் இன்னும் மூன்று நான்கு. தகுதிச் சுற்றிலிருந்து வந்தவர் என்றால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பெரிய வீராங்கனைகளுக்கு மாதிரி கூடவே ஒரு பிசியோவும் பயிற்சியாளரும் இவர்களுக்குக் கிடையாது. பலர் தனியாக வருகிறார்கள், அல்லது அம்மாவோ அப்பாவோ கூட வருகிறார். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் பார்ப்பது இரண்டு களைத்த உடம்புகளை. செவ்வாய்க்கிழமை பார்ப்பது, அந்த வாரம் நமக்குத்தான் என்று நம்பிக்கொண்டிருக்கும் முப்பத்திரண்டு பேரை.

இன்னொன்று. தோற்றவர்கள் அங்கேயே தங்குவதில்லை. அடுத்த வாரம் வேறு ஊரில் தகுதிச் சுற்று தொடங்கிவிடும். வெள்ளிக்கிழமைக்குள் பாதிப் பேர் பெட்டியைக் கட்டியிருப்பார்கள். பயிற்சி கோர்ட்டுகள் காலியாகிவிடும். புதன்கிழமை அதே கோர்ட்டில் நான்கு பேர் சேர்ந்து பந்து அடித்துக்கொண்டிருப்பார்கள், மரத்தடியில் ஒருவர் மட்டைக்கு கிரிப் சுற்றிக்கொண்டிருப்பார், நீங்கள் பக்கத்தில் நின்று பார்க்கலாம்.

"லீவு கிடைக்காதே" என்பீர்கள். என் அக்கா மகளும் அதையேதான் சொன்னாள். "மாமா, ஆபீஸ்ல செவ்வாய்க்கிழமை லீவு கேட்டா சிரிப்பாங்க." சரி, ஞாயிறுதான் முடியும் என்றால் முதல் ஞாயிறு போங்கள், தகுதிச் சுற்றுக்கு. காலையிலிருந்து எல்லாக் கோர்ட்டிலும் ஆட்டம் நடக்கும். மூன்றாவது செட்டுக்குப் பதிலாகப் பெரும்பாலும் 10 புள்ளி டைபிரேக், அதாவது 10 புள்ளி வரை ஆடும் ஒரு சின்ன முடிவாட்டம், இருப்பதால் பரபரப்பும் சீக்கிரம் வந்துவிடும். "குவாலிஃபையிங்ல யாரு மாமா இருக்கப்போறா?" என்றாள். 2025 பிப்ரவரியில் மும்பையில் நடந்த, இவற்றைவிட ஒரு படி மேலான டபிள்யூடிஏ 125 போட்டியின் தகுதிச் சுற்றில் கோயம்புத்தூரைச் சேர்ந்த 15 வயது மாயா ராஜேஸ்வரன் இருந்தார். அங்கிருந்து கிளம்பி அரையிறுதி வரை வந்தார். அங்கே அவரை வென்ற ஸ்விட்சர்லாந்தின் ஜில் டைக்மன்தான் பட்டத்தையும் வென்றார். அந்தத் தகுதிச் சுற்றைப் பார்த்திருந்தால் வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கலாம் இல்லையா என்றேன். அடுத்த முறை என்னோடு முதல் ஞாயிறுக்கு வந்தாள். மதியம் சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை.

தரவரிசையைப் பார்த்து ஆட்டத்தைத் தேர்ந்தெடுப்பது

போனில் தரவரிசையைத் தேடி, "அட, 600க்கு மேல" என்று எழுந்து போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நானும் போயிருக்கிறேன். இந்த மட்டத்தில் அந்த எண் பல கதைகளை மறைக்கும். காயத்துக்குப் பிறகு திரும்பி வருகிறவர், பிள்ளை பெற்று வருகிறவர், இன்னும் பள்ளிப் படிப்பை முடிக்காதவர் எல்லாருக்கும் ஒரே மாதிரி பெரிய எண்தான் இருக்கும்.

2019 டிசம்பரில் புனேயில் மொத்தப் பரிசு 25,000 டாலர் கொண்ட ஒரு போட்டியை 17 வயது பிரிட்டிஷ் பெண் ஒருவர் வென்றார். பெயர் எம்மா ராடுகானு. 2021 செப்டம்பரில் தகுதிச் சுற்றிலிருந்து தொடங்கி யுஎஸ் ஓப்பனையே வென்றுவிட்டார். புனேயில் அன்று டீ குடிக்க எழுந்து போனவர்களை நினைத்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கிறது.

5-1 ஆனதும் கிளம்புவது

ஆண்கள் டென்னிஸ் மட்டும் பார்த்துப் பழகியவர்கள் இதை அதிகம் செய்கிறார்கள். இங்கே சர்வீஸ் கேமைக் காப்பாற்றுவதே ஒரு வேலை. இரண்டாவது சர்வ் மெதுவாக வரும், எதிராளி ஓரடி உள்ளே வந்து அடிப்பார். தொடர்ந்து நான்கு ஐந்து பிரேக், அதாவது சர்வ் போடுகிறவரே கேமை இழப்பது, சாதாரணம். ஒருமுறை 6-2, 5-1 என்று இருந்தபோது காபிக்குப் போனேன். வரிசை நீளம். அப்புறம் பழைய நண்பர் ஒருவர் பிடித்துக்கொண்டார். திரும்பி வந்தால் மூன்றாவது செட் 3-3. நடுவில் என்ன நடந்தது என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டேன். "நீங்க போனீங்க, அவ்வளவுதான்" என்றார்.

பைனாகுலர்

வேண்டாம். எட்டடி தூரத்தில் நிற்கிறார்.

மெயின் கோர்ட்டிலேயே நாள் முழுக்க உட்காருவது

இது நுங்கம்பாக்கம் ஸ்டேடியத்தில் எனக்கு வந்த பழக்கம். 1997 முதல் 2017 வரை அங்கே நடந்த ஆண்கள் போட்டிகளில் மேல் வரிசையில் உட்கார்ந்து, எறும்பு மாதிரி தெரிகிற பெரிய பெயர்களைப் பார்த்தே வளர்ந்தவன். அதனால் சின்னப் போட்டிக்குப் போனாலும் கால் தானாக மெயின் கோர்ட்டுக்குப் போகும். அங்கே நிழலும் நாற்காலியும் இருக்கும், உண்மைதான். ஆனால் பெங்களூரு கப்பன் பார்க் மாதிரி இடத்தில் வெளிக் கோர்ட்டின் கம்பிவலை ஓரமாக நின்றால் ஷூ தரையில் கீச்சிடுவது, மூச்சு வாங்குவது, தனக்குத் தானே திட்டிக்கொள்வது எல்லாம் காதில் விழும். இப்போது விதி மாறி, கோர்ட்டுக்கு வெளியே இருந்து பயிற்சியாளர் சொல்லிக்கொடுப்பதற்கும் அனுமதி இருக்கிறது. அவர் பக்கத்தில் இடம் கிடைத்தால் பாடமே நடக்கும்.

அதற்காக இரண்டு கேமுக்கு ஒரு கோர்ட் என்று தாவிக்கொண்டும் இருக்காதீர்கள். நாளுக்கு ஓர் ஆட்டத்தையாவது டாஸிலிருந்து கை கொடுப்பது வரை பாருங்கள். முதல் செட்டில் பேக்ஹேண்டைக் காப்பாற்ற ஓடி ஓடி ஃபோர்ஹேண்ட் அடித்தவர், மூன்றாவது செட்டில் ஓட முடியாமல் என்ன செய்கிறார் என்பது இருந்து பார்த்தால்தான் தெரியும்.

போனில் ஸ்கோர் சொல்வது

இது விளையாட்டு இல்லை. ஒரு நண்பனுக்குப் போனில் "முப்பது பதினஞ்சு, இப்ப நாப்பது" என்று வர்ணனை செய்துகொண்டிருந்தேன். தோளில் ஒரு கை விழுந்தது. அடையாள அட்டை போட்ட ஒருவர் மிகப் பணிவாக, யாரிடம் பேசுகிறேன் என்று விசாரித்தார். எனக்கு வியர்த்துவிட்டது.

காரணம் சூதாட்டம். சேர் அம்பயர் ஒவ்வொரு புள்ளியையும் கையிலுள்ள டேப்லெட்டில் அழுத்திய பிறகுதான் நேரலை ஸ்கோர் உலகத்துக்குப் போகிறது. இடையில் சில விநாடிகள். அந்த இடைவெளியில் மைதானத்திலிருந்தே தகவல் அனுப்பி ஆதாயம் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள், அதனால் அது தடை. ஐம்பது பேர் பார்க்கும் ஆட்டத்துக்கும் எங்கோ ஒரு நாட்டில் பந்தயம் ஓடுகிறது. தோற்ற பெண்ணின் இன்ஸ்டாகிராமில் அன்றிரவு வந்து விழும் வசவுகளுக்கும் அதுதான் காரணம். நண்பனுக்கு ஆட்டம் முடிந்த பிறகு சொல்லுங்கள். அவன் காத்திருப்பான்.

டபுள் ஃபால்ட்டுக்குக் கை தட்டுவது

எதிராளி இரண்டு சர்வையும் தவறவிட்டுப் புள்ளியை இழக்கும்போது, உங்கள் ஊர்ப் பெண் ஆடினாலும் கூடாது.

தோற்று வருகிறவரிடம் செல்ஃபி

சின்னப் போட்டியில் வேலி, காவல் எதுவும் பெரிதாக இருக்காது. ஆட்டம் முடிந்ததும் வீராங்கனை நம் பக்கமாகத்தான் பையைத் தூக்கிக்கொண்டு நடந்து வருவார். அந்தச் சலுகையைப் பாழாக்காதீர்கள். டபிள்யூ15 போட்டியில் பட்டம் வெல்பவருக்கே சுமார் 2,300 டாலர்தான். முதல் சுற்றில் தோற்றவருக்கு 150 டாலர் அளவில். விமானம், அறை, மட்டைக்கு நரம்பு கட்டுவது எல்லாம் அவர் கைக்காசு. தோற்ற கையோடு அவர் மனத்தில் அந்தக் கணக்குதான் ஓடிக்கொண்டிருக்கும். ஒரு மணி நேரம் கழித்து, குளித்துச் சாப்பிட்டு, வேறு யாருடைய ஆட்டத்தையோ பார்க்க அவரே கேலரியில் வந்து உட்காருவார். அப்போது போய் "நல்லா ஆடினீங்க, அந்த டிராப் ஷாட் ரொம்பப் பிடிச்சுது" என்று குறிப்பாக ஒன்றைச் சொல்லிப் பாருங்கள். எனக்கு அப்படி ஒரு முறை அரை மணி நேரப் பேச்சு கிடைத்தது. படம் எடுக்க மறந்தே போய்விட்டேன்.

இரட்டையருக்கு முன் வீட்டுக்குப் போவது

காலையில் எதிரெதிராக ஆடி முறைத்துக்கொண்ட இருவர், சாயங்காலம் ஒரே ஜோடியாக நின்று கைச் சைகை காட்டிக்கொள்வார்கள். வேடிக்கை அங்கேதான் இருக்கிறது. டியூஸ், அதாவது 40-40, வந்தால் ஒரே புள்ளியில் கேம் முடிந்துவிடும், மூன்றாவது செட் கிடையாது, 10 புள்ளி டைபிரேக்தான். ஒன்றேகால் மணி நேரத்தில் வீட்டுக்குக் கிளம்பிவிடலாம்.

பந்தை வைத்துக்கொள்வது

வேலி தாண்டி வந்த பந்தைப் பைக்குள் போட்ட ஒரு பெரியவரைப் பார்த்தேன். பேரனுக்காம். இங்கே ஓர் ஆட்டத்துக்கு இருப்பதே விரல்விட்டு எண்ணுகிற பந்துகள். ஒன்று குறைந்தால் ஆட்டம் நிற்கும். நின்றது. சேர் அம்பயர் எங்கள் பக்கம் பார்த்தார், வீராங்கனை பார்த்தார், பந்து எடுக்கும் பையன் வேலிக்கு வந்து கையை நீட்டிக்கொண்டு நின்றான். பெரியவர் என்னைப் பார்த்தார். "ஐயா, ஐபிஎல்லிலேயே திருப்பிக் கொடுக்கிறாங்க" என்றேன்.